தடை இருந்தால் சொல்லலாம்

மழை கோயில் ஓட்டில் விழுந்து அடித்த சத்தத்தில் பங்குச் சுவாமி வாசித்த பேர்களில் பாதி கேட்கவில்லை. கார்த்திகை மாதம், மரித்தவர்களுக்கான பூசை. கல்முனையில் அந்த நாளில் மழை பெய்யாமல் விட்டால்தான் புதினம். வாசலில் குடைகள் கும்பலாகக் கிடந்தன. உள்ளே மெழுகுதிரிப் புகையும் ஈரச் சேலை வாடையும் மூக்கை அடைத்தன.

நான் பாட்டுக்குழுவோடு பீடத்தின் ஒரு பக்கமாக நின்றேன். அங்கே நின்றால் முழுச் சனத்தின் முகமும் தெரியும். செத்தவர்களின் பேர்களை வீட்டுக்காரர் முன்கூட்டியே சுவாமியிடம் சொல்லி வைப்பார்கள், அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். தங்கள் வீட்டுப் பேர் வந்ததும் தலையைக் குனிவார்கள். சிலர் மூக்கை உறிஞ்சுவார்கள். அவ்வளவுதான் வழக்கம்.

"அலோசியஸ்" என்று வாசித்தார் சுவாமி.

என் அக்கா திரேசா எழும்பி நின்றாள்.

"சுவாமி, அந்தப் பேர வாசிக்காதீங்க. அவர் சாகல்ல."

அலோசியஸ் அக்காவின் புருசன். அதற்கு முந்திய வருட மாரியில் காரைதீவுச் சந்தியில் வைத்து அவரைச் சீருடைக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. அந்தப் பேரைச் சுவாமியிடம் கொடுத்தது யார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அக்காவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார் அலோசியஸ் அத்தானைப் பெற்ற தாய், மார்த்தா மாமி.

சுவாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். "மகள், இது கலியாண அறிவித்தல் இல்லை. இதுக்குத் தடை சொல்ல ஏலாது. இருங்கோ பிள்ளை."

"எங்க ரெண்டு பேர்ட பேரையும் அந்த இடத்தில நிண்டுதானே வாசிச்சீங்க. தடை இருந்தாச் சொல்லுங்க எண்டு கேட்டீங்கதானே. இப்ப சொல்லுறன்."

சுவாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பேரை வாசித்தார். அக்கா பூசை முடியும்வரைக்கும் உட்காரவே இல்லை. நின்றபடியே நின்றாள்.

பேர் வாசிக்கிற பழக்கம்

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களில் ஒரு கலியாணம் பேசி முடிந்தால், மூன்று ஞாயிறு பூசைகளில் பெண்ணின் பேரையும் மாப்பிள்ளையின் பேரையும் சுவாமி வாசிப்பார். இவர்கள் சேருவதற்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார். நானறிய ஒருவரும் போய்ச் சொன்னதில்லை. ஆனாலும் அந்த வார்த்தை எங்கள் காதில் சிறுவயதிலிருந்தே ஊறியிருந்தது. பேர் வாசித்தால் தடை சொல்லலாம். அக்கா செய்த பிழை அதுதான். சாவுக்கும் தடை சொல்லலாம் என்று நினைத்துவிட்டாள்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், கலியாணமே முடிக்காத உங்களுக்குக் கலியாணத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான் ஐயா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் ஒருவரும் கேட்டு வரவில்லை. ஆனால் ஒரு கலியாணம் கட்டப்பட்டதையும், அது அறுபடாமல் கிடந்து ஒரு பெண்ணை அறுத்ததையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்து பார்த்தவள் நான். கட்டினவர்களுக்குக்கூட இவ்வளவு தெரியுமோ என்னவோ.

மெய்விவாகம்

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்துப் போன அடுத்த வருடம் அக்காவின் கலியாணம். கோயில் ஓடு பாதிக்கு மேல் பறந்து போயிருந்தது. பீடத்துக்கு மேலே மட்டும் தகரம் போட்டிருந்தார்கள். மணவறை கட்டத் தென்னோலைக்குப் பஞ்சமில்லை. விழுந்து கிடந்த தென்னைகள் அத்தனை.

எங்கள் பழைய ஞானோபதேசப் பாடத்தில் கலியாணத்துக்கு மெய்விவாகம் என்றுதான் பேர். ஞானஸ்நானத்தில் தொடங்கி ஏழு அருட்சாதனங்களைச் சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் வருவது அது. சின்ன வயதில் நான் கன்னியாஸ்திரியிடம் கேட்டேன்: "மெய் எண்டா உண்மையா, உடம்பா சிஸ்டர்?" மண்டையில் ஒரு குட்டுத்தான் பதில்.

கலியாணப் பூசையில் சுவாமி அதற்குப் பதில் சொன்னார். இரண்டும்தான் என்றார். "இந்தக் கலியாணத்தை நடத்தி வைக்கிறது நான் இல்லை. நான் வெறும் சாட்சி. நீங்கள் ரெண்டு பேரும்தான் ஒருவருக்கு ஒருவர் இந்த அருளைக் குடுக்கிறியள். இனி நீங்கள் ஒரே உடம்பு. கிறிஸ்து தன்ர சபையைக் கைவிடாதமாதிரி, சாகுமட்டும் கைவிடாமல் இருக்க வேணும். ஒருத்தரை ஒருத்தர் மோட்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்குத்தான் இது."

அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அத்தான் நித்திரை தூங்கி விழுந்தார். முதல்நாள் முழுக்க யாருடையதோ உழவு மெசினுக்குக் கீழே படுத்துக் கிடந்த மனிதர், பாவம். நான்தான் பின்னுக்கிருந்து கிள்ளினேன்.

அலோசியஸ் பாஸ் என்றால் கல்முனையிலும் சுற்றுவட்டாரத்திலும் வயல்காரர் எல்லாருக்கும் தெரியும். உழவு மெசின் திருத்துகிறவர். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாது. குரல் சரியில்லை, ஆனால் கோயிலில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவார். "அத்தான், நீங்க கும்பிட்டாக் காணும், பாட்ட நாங்க பாக்கிறம்" என்று நான் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! "மச்சாள், கடவுளுக்கு என்ட சத்தம் வெளங்கும்" என்பார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். மாப்பிள்ளையோடு அவருடைய தாயும் வருவது வழக்கமில்லை. மாமிக்கு அவர் ஒரே பிள்ளை, புருசனும் இல்லை. கலியாணம் முடிந்த அந்தக் கிழமையே ஒரு பெட்டியும் மாதா சுரூபமுமாக வந்து இறங்கிவிட்டார். ஊர் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "வாங்க மாமி" என்று பெட்டியை வாங்கினாள். அன்றைக்குத் தொட்டு நாங்கள் மூன்று பெண்களும் ஒரே அடுப்பில், ஒரே குசினியில் புழங்கினோம். அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதற்கும் மாமி ஒரு சொல் சொன்னதில்லை.

மாவடிப்பள்ளிக்குப் போனவர்

எண்பதுகளின் நடுப்பகுதி. விதைப்புக் காலம். மாவடிப்பள்ளியில் ஒரு வயல்காரப் போடியாரின் மெசின் வயலுக்குள் இறுகி நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. அத்தான் சைக்கிளில் வெளிக்கிட்டார்.

"இஞ்ச, சாப்பிட்டுப்போட்டுப் போங்களன்" என்றாள் அக்கா.

"போயித்து வந்து தின்னுறன், மூடி வையி."

பின்னேரம் காரைதீவுக் கடைக்காரர் ஒருவர் அத்தானின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சாமான் பை அப்படியே தொங்கியது. "சந்தியில வைச்சு ஏத்தினாங்க தங்கச்சி. விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டாங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருக்கும் பயம்.

அலைந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் கிழக்குக் கரையில் அந்தக் காலத்தில் அந்தக் கதை இல்லாத தெருவில்லை, ஒழுங்கையில்லை. போன இடமெல்லாம் ஒரே பதில், இங்கே அப்படி ஒருவர் இல்லை. இல்லை என்றால் எங்கே? அதற்கு ஒரு இடத்திலும் பதில் இல்லை.

ஒரு குசினிக்குள் இரண்டு நியாயம்

பூசையில் அக்கா எழும்பி நின்ற அன்று, மூன்று பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தோம். குடையை மடக்கி வைத்ததும் தொடங்கியது.

"ஏன் மாமி அவர்ட பேரக் குடுத்த நீங்க? ஆரக் கேட்டுக் குடுத்த நீங்க?"

"நான் பெத்த புள்ளட பேரக் குடுக்க ஆருட்டக் கேக்கணும்?"

"அவர் செத்தத நீங்க கண்டீங்களா?"

"காணல்ல. நீ அவன் உசிரோட இரிக்கிறதக் கண்டயா?" மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "செத்திருந்தா, உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து வேகுவான்கா. பூசையில்ல, செபமில்ல, அவனுக்கெண்டு கேக்க ஒரு நாதியில்ல. உனக்குப் புருசன் வேணும். எனக்கு என்ட புள்ள மோட்சம் போகணும்."

உத்தரிக்கிற ஸ்தலம் என்பது, செத்தவர்கள் மோட்சத்துக்குப் போகுமுன் பாவக் கறை கழுவப்படும் இடம். இங்கே இருக்கிறவர்கள் செபித்தால்தான் அங்கே வேதனை குறையும். மாமியின் பயம் விளையாட்டுப் பயமில்லை.

"சாவுதான் எங்களப் பிரிக்கலாம் எண்டு சத்தியம் பண்ணினன் மாமி. வேற ஒண்டாலயும் ஏலா. நான் அவர் செத்துட்டாரெண்டு பூசை குடுத்தா, நானே என்ட கலியாணத்த வெட்டின மாதிரித்தானே?"

நான் நடுவில் நின்றேன். எவள் சரி? இருந்தால் அக்கா சரி. செத்திருந்தால் மாமி சரி. எந்தப் பக்கம் வென்றாலும் எங்களுக்கு விடிவில்லை. அடுத்த நிமிடம் இரண்டு பேரும் ஒரே பானைச் சோற்றை ஒருவருக்கு ஒருவர் போட்டுக்கொடுத்தார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. சுவாமியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "அவ பெண்சாதியா, விதவையா? ஒண்டச் சொல்லுங்க சுவாமி" என்றேன். அவர் மேசையில் விரித்திருந்த புத்தகத்தை மூடினார். "சாவுக்கு ஒரு அத்தாட்சி இல்லாமல் சபை அவளை விதவை எண்டு சொல்லாது பிள்ளை. அவள் பெண்சாதிதான்." பிறகு அவர் பாட்டுக்குச் சொன்னார்: "நான் அண்டைக்கு அந்தப் பிரசங்கத்தில சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனா இப்படி ஒண்டுக்கு நான் சொல்லேல்லை."

கிறிஸ்து மணவாளன், சபை மணவாட்டி என்று படித்திருக்கிறோம். கலியாணம் அந்தப் பெரிய கலியாணத்தின் அடையாளம் என்றும் படித்திருக்கிறோம். எனக்கு அந்த நாட்களில் ஒரு பொல்லாத யோசனை வரும். மணவாளன் போய் எத்தனை காலம்! வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளே மணவாட்டி. எங்கள் வீட்டில் சோற்றை மூடி வைத்துக்கொண்டு இருக்கிறாளே ஒருத்தி, அவளைப் போலத்தானோ அதுவும்? இதைச் சுவாமியிடம் கேட்கவில்லை. என்ன சொல்வாரோ என்று எனக்கே பயமாக இருந்தது.

வேலிக்கு அங்காலே

எங்கள் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதற்கு அங்காலே சுபைதா ராத்தாவின் வளவு. ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் முகம் கறுத்திருந்த காலத்தில்கூட அந்தப் பொட்டை இரண்டு வீட்டுக்காரரும் அடைக்கவில்லை. நோன்புக் கஞ்சி அதனூடாக வரும், கிறிஸ்து பிறப்பு நத்தாருக்குச் செய்த பலகாரம் அதனூடாகப் போகும்.

அக்கா கோயிலில் எழும்பி நின்று சில மாதங்களில் ராத்தாவின் புருசன் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ராத்தா இத்தா இருந்தார். புருசன் மௌத்தான, அதாவது செத்துப்போன பெண், நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், வீட்டோடு இருப்பது அது. அந்தக் காலம் முழுக்கப் பொட்டுக்குள்ளால் போய் வந்தது அக்காதான்.

இத்தா முடிந்து ராத்தா முதன்முதல் எங்கள் குசினிக்கு வந்தார். அக்காவின் கையைப் பிடித்தார். "எனக்கு ஒரு கணக்கிருந்திச்சு புள்ள. அழுதன், இருந்தன், முடிஞ்சி எழும்பித்தன். உனக்கு அல்லாஹ் ஒரு கணக்கும் தரல்லியேகா. நீ எப்ப எழும்புவாய்?"

"எங்கட வேதத்தில இதுக்குக் கணக்கில்ல ராத்தா."

"அப்ப என்னதான் செய்யிற?"

"இரிக்கிறதான்" என்றாள் அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொண்டுபோனவர்கள் மேலா, சத்தியம் வாங்கின கோயில் மேலா, சாப்பிடாமல் போன மனிதர் மேலா? அடுப்பை ஊதுகிற சாட்டில் அழுதேன்.

தாகம்

மறுபடியும் மாரி வந்தது. ஒரு காலை மாமி கண்ணெல்லாம் சிவந்து குசினிக்குள் வந்தார். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தாள்.

"கனவில வந்தான்கா. மெலிஞ்சி போயி நிண்டான். தாகமா இரிக்கும்மா எண்டான். வேற ஒண்டும் கதைக்கல்ல."

அவ்வளவுதான். அக்கா கையில் இருந்த தேத்தண்ணியைப் பார்த்தாள். வாசலுக்குப் போய் அதை அப்படியே வாழையடியில் ஊற்றினாள். அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதென்றால் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. நானாக இருந்தால் கனவுதானே என்று தட்டிவிடுவேன். அவள் தட்டவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிறவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருந்தார்கள்.

ஒருநாள் சந்தைக்குப் போனவள் பிந்தி வந்தாள். கோயிலுக்குப் போய் வந்தேன் என்றாள். "அவர்ட பேரக் குடுத்துட்டன்."

"அக்கா! அவர் செத்துட்டாரெண்டு நீ நம்பிற்றியா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

"உசிரோட இருந்தா, இந்தப் பூசையால அவருக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் கலியாணம் இல்லாமப் போகும். செத்திருந்தா, நான் புடிச்சி வச்சிருக்கிறன், அவர் அங்க தாகத்தில கிடக்கார். மோட்சத்துக்குக் கொண்டு சேர்க்கிறன் எண்டுதானே கலியாணம் முடிச்ச நான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அவர விடுறதும் பெண்சாதிட வேலதான் போல" என்றாள்.

மாமி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டு இருந்தார். அக்கா போய்ச் சொன்னாள்: "மாமி, இந்த முற நானே பேர் குடுத்துட்டன். அவருக்காகப் பூசையும் கேட்டிரிக்கன்."

"சரி" என்றார். மீனைப் புரட்டிப் போட்டு மற்றப் பக்கத்துச் செதிளைச் சுரண்டினார். இவ்வளவு காலமும் இதற்காகச் சண்டை பிடித்தவர், ஒரு நல்ல சொல், ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை.

அந்தப் பூசை

பூசை நாளன்று மாமி கோயிலுக்கு வரவில்லை. கால் உளைகிறது என்றார்.

நான் பாட்டுக்குழுவோடு நின்றேன். சுவாமி பேர்களை வாசித்துக்கொண்டு வந்தார். அந்தப் பேர் கிட்டவர அவருடைய குரல் தாழ்ந்தது. அவரும் அக்காவைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். "அலோசியஸ்." சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா முழங்காலில் இருந்தாள். தலையைக் குனிந்தாள். சுவாமி அடுத்த பேருக்குப் போனார். எங்களுக்குப் பாட்டு வந்தது. பாடினேன். எப்படிப் பாடினேன் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாமி குசினி வாசலில் குந்தியிருந்தார். காலையில் விட்டுப்போன இடத்திலேயே இருந்தார். அடுப்பு மூட்டவில்லை.

"வாசிச்சாரா?"

"ஓம் மாமி."

"நீ எழும்பல்லியா?"

"இல்ல மாமி."

மாமி அவளை அண்ணாந்து பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

"எழும்புவாய் எண்டு நினைச்சன்கா. நீ விடமாட்டாய் எண்டுதானே நான் பூசை, பூசையெண்டு உன்னோட மல்லுக்கு நிண்டன். நீ சாகல்ல, சாகல்ல எண்டு சொல்லச் சொல்ல, எனக்கு அதக் கேட்டுக்கொண்டு இரிக்கலாமாயிருந்திச்சு. இப்ப ஆரிரிக்கா அவன் உசிரோட இரிக்கான் எண்டு சொல்ல? ஐயோ, நீயும் விட்டுட்டியே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓலம் வைத்தார். அத்தானைக் கொண்டுபோன நாளிலிருந்து அந்த மனிசி வாய்விட்டு அழுததை நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் ஒப்பாரி வந்தது. பிள்ளையின் பேரைச் சொல்லிச் சொல்லி நிலத்தில் விழுந்தார். அக்கா அவரைத் தூக்கப் போனாள். மாமி அவளுடைய கையைத் தட்டிவிட்டார்.

சத்தம் கேட்டுச் சுபைதா ராத்தா, தலைமுக்காட்டைச் சரிபண்ணவும் நேரமில்லாமல், வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தார். பின்னால் அவருடைய வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஈர வளவில் நின்று, விழுந்து கிடந்த மாமியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அல்லாவே, என்னகா இது? ஆருகா மௌத்து?"

நான் அக்காவைப் பார்த்தேன். ராத்தா கிட்ட வந்து அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கி மறுபடியும் கேட்டார்.

"என்ட புருசன், ராத்தா" என்றாள் அக்கா.